டவ்டேல்: ஆற்றோரம் ஒரு நடை, குன்றின்மேல் ஒரு நடை

பிரிட்டனின் பீக் டிஸ்ட்ரிக்டில் குடும்பத்தோடு போய்வர ஒரே ஓர் இடம் சொல்லுங்கள் என்று கேட்டால் நான் டவ்டேலைத்தான் சொல்வேன். அங்கே ஆறும் குன்றும் ஒட்டி நிற்கின்றன. மூன்று வயதுக் குழந்தை, ஊரிலிருந்து இரண்டு மாதத்துக்கு வந்திருக்கும் பாட்டி, மலையேறியே தீருவேன் என்று அடம்பிடிக்கும் பன்னிரண்டு வயதுப் பையன் எல்லோரும் ஒரே காரில் வந்திறங்கி, அவரவர் காலுக்கேற்ற தூரம் நடந்து, பசியெடுக்கும் நேரத்தில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம். ஒருவர் களைத்துப்போனால் அத்தனை பேரும் திரும்ப வேண்டியதில்லை. ஆற்றங்கரை எல்லோருக்கும், குன்று முடிந்தவர்களுக்கு என்று வீட்டிலேயே பேசி வைத்துக்கொண்டு கிளம்புங்கள். அந்தப் பேச்சு நடக்காததால்தான் பல குடும்பங்கள் பாதிச் சரிவில் நின்று சண்டை போடுகின்றன.

முதலில் கணக்கு. கார் நிறுத்துமிடத்திலிருந்து ஆற்றின் குறுக்கே போட்டிருக்கும் தாண்டுகற்கள் வரை ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, பாதை சமதரை. அங்கிருந்து தோர்ப் கிளவுட் என்ற குன்றின் உச்சிக்கு ஏறி, வந்த வழியே திரும்பினால் மொத்தம் ஏறக்குறைய 4 கிலோமீட்டர். உச்சி கடல்மட்டத்திலிருந்து 287 மீட்டர். ஆனால் கார் நிற்கும் இடமே ஓரளவு உயரத்தில் இருப்பதால் நாம் ஏறுவது அதில் பாதிதான். பெரியவர்கள் மட்டும் என்றால் ஒன்றரை மணி நேரம் போதும். பிள்ளைகளோடு என்றால் இரண்டரை மணி, சாப்பாட்டுக்கு இன்னொரு மணி. கையில் வரைபடம் வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆர்டனன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரிசையில் ஓ.எல். 24, 'ஒயிட் பீக்' தாளை வாங்கிக்கொள்ளுங்கள்.

போய்ச் சேருவது

டவ்டேலுக்குப் பக்கத்து ஊர் ஆஷ்போர்ன். டெர்பியிலிருந்து ஆஷ்போர்ன் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். அங்கிருந்து தோர்ப் கிராமம் வழியாக டவ்டேல் இன்னும் 8 கிலோமீட்டர். நாட்டிங்ஹாம், லெஸ்டர், பர்மிங்ஹாம் பக்கமிருந்து வருகிறவர்கள் காலை உணவை முடித்துவிட்டுக் கிளம்பினாலும் நடைக்கு நேரம் இருக்கும். லண்டனிலிருந்து காரில் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. ஒரே நாளில் போய்த் திரும்பினால் பிள்ளைகள் காரில் கழிக்கும் நேரம்தான் அதிகமாகும். ஆஷ்போர்னிலோ டெர்பியிலோ ஓர் இரவு தங்கிவிட்டுக் காலையில் போவது நல்லது. டெர்பியிலிருந்து ஆஷ்போர்ன் வரை பேருந்து உண்டு. அதற்கு அப்பால் பேருந்தை நம்பிக் குழந்தைகளோடு கிளம்ப வேண்டாம். ஆஷ்போர்னில் டாக்ஸி பேசிக்கொள்ளலாம். திரும்பும் நேரத்தையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

கார் நிறுத்துமிடம் பள்ளத்தாக்கின் வாயிலிலேயே இருக்கிறது. கட்டணம் உண்டு, கழிப்பறையும் அங்கேயே. வெயில் காலத்துச் சனி, ஞாயிறுகளிலும் வங்கி விடுமுறை நாள்களிலும் முற்பகலிலேயே நிரம்பிவிடும். நிரம்பிவிட்டால் சாலையோரப் புல்லில் ஏற்றி நிறுத்தாதீர்கள். அந்தச் சாலை மிகக் குறுகல். ஆம்புலன்ஸும், விவசாயியின் டிராக்டரும் போக வேறு வழியில்லை. பேசாமல் ஐலம் கிராமத்துக்கு ஓட்டிச் சென்று, நேஷனல் டிரஸ்ட் பராமரிக்கும் ஐலம் பூங்காவில் நிறுத்துங்கள். அங்கிருந்து புல்வெளி வழியாக டவ்டேல் ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர். நேஷனல் டிரஸ்ட் அட்டை வைத்திருப்பவர்களுக்கு அங்கே நிறுத்தக் கட்டணமும் இல்லை. என்னைக் கேட்டால், கூட்ட நாளில் ஐலத்திலிருந்து நடப்பதே மேல். புல்வெளியில் ஆடுகளுக்கு நடுவே நடந்துவந்து, குன்று மெல்ல மெல்ல உயர்ந்து தெரிவதைப் பார்ப்பது பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

ஆற்றங்கரை

கார் நிறுத்துமிடத்திலிருந்து வடக்கே, ஆற்றின் எதிர்த்திசையில் நடக்க வேண்டும். உங்களுக்கு வலப்பக்கம் தோர்ப் கிளவுட், இடப்பக்கம் பன்ஸ்டர் குன்று, நடுவில் டவ் ஆறு. ஆறுதான் இங்கே எல்லை: கிழக்கே உள்ள கீழ்க்கரை டெர்பிஷயர், மேற்கே உள்ள மேற்கரை ஸ்டாஃபர்ட்ஷயர். பக்ஸ்டனுக்கு அருகே ஆக்ஸ் எட்ஜ் மேட்டில் பிறந்து, 70 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, டிரென்ட் ஆற்றில் கலக்கிறது. அந்த நீளத்தில் இந்தச் சில கிலோமீட்டர்களுக்காகவே ஆற்றின் பெயர் நாடெங்கும் தெரிந்திருக்கிறது.

கொஞ்ச தூரத்தில் ஒரு நடைபாலம் வரும். அங்கே நீங்கள் கரையைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். பாலத்தைக் கடக்காமல் மேற்கரையிலேயே போனால் தளம் போட்ட சமமான பாதை, தாண்டுகற்கள் வரைக்கும். குழந்தைத் தள்ளுவண்டி, சக்கர நாற்காலி, முழங்கால் வலி உள்ளவர்கள் எல்லோருக்கும் இதுதான் வழி. பாலத்தைக் கடந்து கீழ்க்கரையில் போனால் குன்றின் அடிவாரத்தை ஒட்டிய ஒற்றையடிப் பாதை. கற்கள் துருத்திக்கொண்டிருக்கும், மழைக்குப் பின் சேறு. பிள்ளைகளுக்கு அது பிடிக்கும், பாட்டிக்கு வேண்டாம். குடும்பம் இரண்டாகப் பிரிந்து இரு கரையிலும் நடந்து தாண்டுகற்களில் சந்திக்கலாம். வழி நெடுக ஒருவரையொருவர் பார்த்துக் கையசைத்துக்கொண்டே போகிற அளவுக்குத்தான் ஆற்றின் அகலம்.

தண்ணீரைக் கவனியுங்கள். சுண்ணாம்புக்கல் நாட்டு ஆறு என்பதால், வெள்ளம் இல்லாத நாள்களில் அடியில் கிடக்கும் கூழாங்கற்களை எண்ணிவிடலாம் போலத் தெளிவு. பிரவுன் டிரௌட் மீன்கள் நீரோட்டத்துக்கு எதிராக முகம் வைத்து, வாலை மட்டும் அசைத்தபடி ஒரே இடத்தில் நிற்கும். ஆற்றுக்குக் குறுக்கே ஆங்காங்கே கல்லடுக்கித் தாழ்வான சிறு தடுப்பணைகள் கட்டியிருக்கிறார்கள். அவை பாசனத்துக்காக வந்தவையல்ல, டிரௌட் மீன்பிடிப்புக்காக. இந்த ஆற்றுக்கும் தூண்டிலுக்கும் உள்ள உறவு பழையது. ஐசக் வால்டன் 1653-ல் வெளியிட்ட மீன்பிடிப்பு நூல் ஆங்கிலத்தில் அதிகமுறை அச்சான புத்தகங்களில் ஒன்று. அவருடைய நண்பர் சார்லஸ் காட்டன் இந்த ஆற்றங்கரைக்காரர். 1676 பதிப்புக்கு அவர் எழுதிச் சேர்த்த பகுதி டவ் ஆற்றைப் பற்றியது. இன்றும் மீன்பிடிக்கும் உரிமை தனியாருடையது. பிள்ளைகள் ஆசையாக வலையோ தூண்டிலோ கொண்டுவந்தால் காரிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

பறவைகளுக்காகக் கொஞ்சம் மெதுவாக நடக்கலாம். தடுப்பணைக் கல்மேல் உட்கார்ந்து உடம்பை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருக்கும் வெள்ளை மார்புக் குண்டுப் பறவை டிப்பர். அது சட்டென்று நீருக்குள் முங்கி, ஆற்றின் அடியில் பூச்சி தேடிவிட்டு வெளியே வரும். மஞ்சள் வயிறும் நீண்ட வாலுமாகக் கரையில் ஓடுவது சாம்பல் வாலாட்டி. நீலகிரிக்கும் பழனி மலைக்கும் குளிர்காலத்தில் வந்துசேரும் இனமும் இதுவே. நீலக்கோடு இழுத்தாற்போல் தண்ணீரை ஒட்டிப் பறந்துபோகும் மீன்கொத்தியும் நம் ஊர்க் குளக்கரையில் இருக்கும் சிறிய மீன்கொத்தி இனமேதான். பறவை பெயர் தெரியாத ஊரில் தாத்தா பாட்டி ஒன்றைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் சொல்வதும், பேரப்பிள்ளைகள் அதைக் கேட்டு நிற்பதும் இந்த ஆற்றங்கரையில் நடக்கும்.

தாண்டுகற்கள்

குன்றின் வடமேற்கு மூலையில் ஆறு வளையும் இடத்தில், கரைக்குக் கரை சதுரக் கற்களை வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். பலகையில் ஸ்டெப்பிங் ஸ்டோன்ஸ் என்று இருக்கும். விக்டோரியா காலத்தில், சுற்றுலாக்காரர்கள் திரண்டு வரத் தொடங்கிய பிறகு போட்டவை. அந்நாளில் இங்கே கழுதைச் சவாரிகூட இருந்தது. ஒன்றரை நூற்றாண்டுக் காலடிகள் பட்டுக் கற்களின் மேற்பரப்பு தேய்ந்து வழவழத்துவிட்டதால், 2010-ல் ஒன்றைத் தவிர மற்றவற்றின்மேல் புதிய சுண்ணாம்புப் பலகைக்கல் பதித்து உயர்த்தினார்கள். பழைய அழகு போயிற்று என்று அப்போது பலருக்கு வருத்தம். குழந்தையோடு கடக்கிறவருக்கு உயர்த்தியது நல்லதாகவே பட்டிருக்கும். என் கட்சியும் அதுதான்.

கடக்கும் முறை இதுதான். பெரியவர் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், நடுவில் பிள்ளை. எதிர்க்கரையிலிருந்து யாராவது கிளம்பியிருந்தால் அவர் வந்து சேரும்வரை காத்திருங்கள். நடுக்கல்லில் இருவர் ஒதுங்க இடமில்லை. குழந்தையைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு கடக்க வேண்டாம். முதுகுப்பையில் கட்டிய குழந்தை என்றால் பரவாயில்லை. நீர் கற்களின் மேலே ஓடினாலோ, பழுப்பாகக் கலங்கி வேகமாகச் சுழித்தாலோ கடக்கவே வேண்டாம். ஆழம் குறைவாகத் தெரியும், ஆனால் முழங்காலளவு வேகநீர் ஒரு பெரியவரைத் தள்ளப் போதும். கோடையிலும் நீர் சில்லென்றுதான் இருக்கும். கடக்க முடியாத நாளில் கார் நிறுத்துமிடத்தருகே விட்டுவந்த நடைபாலத்துக்குத் திரும்பி, கீழ்க்கரைப் பாதையில் நடந்து இதே இடத்துக்கு எதிர்ப்பக்கம் வந்து சேரலாம். அரை மணி நேரம் கூடுதல், அவ்வளவே.

கடப்பதற்கு முன்னோ பின்னோ பிள்ளைகளைக் குனிந்து கற்களைப் பார்க்கச் சொல்லுங்கள். வட்டமாகவும் குழலாகவும் சிறு வடிவங்கள் கல்லுக்குள் தெரியும். கடல் அல்லி என்று அழைக்கப்படும் உயிர்களின் தண்டுத் துண்டுகள் அவை. பெயர்தான் அல்லி, உண்மையில் நட்சத்திர மீனின் சொந்தக்கார விலங்கு. சுமார் 35 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைய பிரிட்டன் நிலநடுக்கோட்டருகே, வெதுவெதுப்பான ஆழமற்ற கடலுக்கு அடியில் கிடந்தது. அந்தக் கடலில் செத்து விழுந்த சிப்பிகளும் கடல் அல்லிகளும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகியதுதான் இந்தச் சுண்ணாம்புக்கல். நீங்கள் ஏறப்போகும் தோர்ப் கிளவுடும் அந்தக் கடலடியில் மேடாக வளர்ந்த ஒரு சுண்ணாம்புத் திட்டு. சுற்றியிருந்த மென்மையான பாறை கரைந்துபோக, கெட்டியான இது தனியாக நின்றுவிட்டது. படிவங்களை விரலால் தொட்டுப் பார்க்கலாம். பெயர்த்தெடுக்கக் கூடாது, 2006 முதல் இது தேசிய இயற்கைக் காப்பகம்.

குன்று ஏறாதவர்கள் இங்கே தங்கிவிடலாம். மேற்கரைப் பாதை இதோடு முடிகிறது, அதற்கு மேல் அந்தக் கரையில் வழி இல்லை. ஆகவே தள்ளுவண்டியும் சக்கர நாற்காலியும் வரக்கூடிய எல்லை இதுவே. புல்தரையில் விரிப்பு போட்டு உட்கார இடம் தாராளம். மேலே போகிறவர்களோடு திரும்பும் நேரத்தை வாயால் சொல்லி முடிவு செய்துகொள்ளுங்கள். பள்ளத்தாக்குக்குள் கைப்பேசிச் சிக்னல் பெரும்பாலும் கிடைக்காது. 'மேலே போய்க் கூப்பிடுகிறேன்' என்பது இங்கே செல்லாது.

குன்று ஏறுவது

தாண்டுகற்களைக் கடந்தவுடன் எதிரே ஒரு சரிவு நேராக உச்சிக்குப் போவதுபோல் தெரியும். அதில் ஆட்களும் ஏறிக்கொண்டிருப்பார்கள். குறுக்குவழிதான், ஆனால் செங்குத்து. காலடி பட்டு மெருகேறிய சுண்ணாம்புக்கல், ஈரம் பட்டால் கண்ணாடியாக வழுக்கும். குடும்பத்தோடு போகிறவர்கள் அதை விட்டுவிடுங்கள்.

நல்ல வழி லின் டேல் வழியாக. ஆற்றை முதுகுக்குப் பின்னால் விட்டு, குன்றை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு, இரு சரிவுகளுக்கு நடுவே கிழக்கு நோக்கி ஏறும் புல் பள்ளத்தாக்கு அது. தண்ணீர் ஓடாத பள்ளத்தாக்கு. சுண்ணாம்புக்கல் நிலம் மழையை உள்ளே இழுத்துக்கொள்வதால் இப்படிப் பல வறண்ட பள்ளத்தாக்குகள் இந்தப் பகுதியில் உண்டு. சாய்வு மிதமாக இருப்பதால் பிள்ளைகள் பேசிக்கொண்டே ஏறலாம். பத்துப் பதினைந்து நிமிடத்தில், குன்றின் பின்புறத் தோள் வலப்பக்கம் தாழ்ந்து வரும். அங்கே புல்லில் தேய்ந்த பாதை குன்றை நோக்கித் திரும்பும். அதைப் பிடித்து ஏறினால் முதுகெலும்பு போன்ற மேட்டுக்கு வந்து, அதன் வழியே மேற்கு நோக்கி உச்சியை அடையலாம். கடைசிச் சில நிமிடங்கள்தான் மூச்சு வாங்கும்.

உச்சி அகலமானது என்று எண்ணிக்கொண்டு பிள்ளைகளை ஓடவிடாதீர்கள். குறுகலான பாறை மேடு, இருபக்கமும் சரிவு, காற்று பலமாக வீசும். கீழே ஆற்றங்கரையில் இலை அசையாத நாளிலும் இங்கே தொப்பி பறக்கும். உட்கார்ந்து பாருங்கள், நின்று பார்ப்பதைவிட நிம்மதி. எதிரே பன்ஸ்டர், நீங்கள் இருக்கும் குன்றைவிடச் சற்று உயரம். வடக்கே மரங்களுக்குள் வளைந்து மறையும் டவ் பள்ளத்தாக்கு. மேற்கே ஐலம் கிராமமும், அதைத் தாண்டி வயல்களும். தாண்டுகற்கள் புள்ளிகளாகத் தெரியும். கீழே விட்டுவந்தவர்களின் விரிப்பைக் கண்டுபிடிப்பது பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டு. இவ்வளவு சிறிய ஏற்றத்துக்கு இவ்வளவு பெரிய காட்சி தரும் குன்றுகள் குறைவு. ஏழெட்டு வயதில் முதல் உச்சியைத் தொடும் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான மலை எனக்குத் தெரியாது.

இறங்கும்போதுதான் கவனம் வேண்டும். உச்சியிலிருந்து பார்த்தால் கார் நிறுத்துமிடம் காலடியில் இருக்கும். நேராக இறங்கினால் பத்தே நிமிடம் என்று தோன்றும். அந்தச் சரிவில் இறங்காதீர்கள். மேலே நிதானமாகத் தொடங்கும் புல், கீழே போகப் போகச் செங்குத்தாகி, உதிரிக் கல்லும் வழுக்கலும் கலந்துவிடும். பெரியவர் ஒருவர் இரு கையையும் ஊன்றி இறங்கிவிடலாம். ஒரு கையில் குழந்தையைப் பிடித்திருப்பவரால் முடியாது. ஏறிய வழியே லின் டேலுக்கு இறங்குங்கள். உங்களுக்காகக் காத்திருப்பவர்களும் அந்தப் பக்கம்தானே இருக்கிறார்கள்.

இந்தச் சரிவுகளை லேசாக எண்ணியவர்களின் கதை இங்கே பழையது. 1761-ல், அயர்லாந்தின் குளோகர் தேவாலயத்தின் டீன் ஆக இருந்த லாங்டன் என்பவர் நண்பர்களோடு உல்லாசப் பயணமாக டவ்டேலுக்கு வந்தார். தாண்டுகற்களுக்கு வடக்கே, ரேனார்ட் குகையருகே, ஓர் இளம்பெண்ணைக் குதிரையில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு சரிவில் ஏற முயன்றார். குதிரை கால் தவறியது. மூவரும் உருண்டார்கள். அந்தப் பெண்ணின் கூந்தல் முட்புதரில் சிக்கிக்கொண்டதால் அவர் பிழைத்தார். லாங்டன் காயத்தில் இறந்துபோனார், ஆஷ்போர்ன் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். இன்று குதிரைக்குப் பதில் தேய்ந்த டிரெயினர் ஷூ. விழும் விதம் மாறவில்லை. மலைமீட்புக் குழுவினர் ஆண்டுதோறும் டவ்டேலுக்கு வரவேண்டியிருக்கிறது. வருகிறவர்கள் அத்தனை பேரும் சம்பளமில்லாத தொண்டர்கள்.

அடிபட்டு நடக்க முடியாமல் போனால் 999-ஐ அழைத்து முதலில் போலீஸ், பிறகு மவுண்டன் ரெஸ்க்யூ என்று கேளுங்கள். போலீஸார்தான் மீட்புக் குழுவுக்குத் தகவல் சொல்வார்கள். குரல் அழைப்புக்குச் சிக்னல் போதாத இடத்திலும் குறுஞ்செய்தி சில சமயம் போய்ச்சேரும். அதற்கு முன்னதாகவே பதிவு செய்திருக்க வேண்டும்: வீட்டிலிருந்து 'ரெஜிஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லை 999-க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பி, வரும் பதிலின்படி உறுதிசெய்தால் போதும். இந்த நாட்டில் இருக்கும் எல்லோரும் இன்றே செய்து வைத்துக்கொள்ள வேண்டிய காரியம்.

மழை, செருப்பு, சாப்பாடு

காலணி விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். அடிப்பாகம் ஆழமாக வெட்டுப்பட்ட ஷூ குன்று ஏறும் எல்லோருக்கும் வேண்டும். ஆற்றோரத் தார்ப்பாதையோடு நின்றுவிடும் பெரியவர்களுக்குச் சாதாரண ஷூ போதும். செருப்போடும் சேலையோடும் மேற்கரையில் தாண்டுகற்கள் வரை தாராளமாகப் போகலாம். மழைக்கோட்டும் ஒரு ஸ்வெட்டரும் ஜூலையிலும் பையில் இருக்கட்டும். பிள்ளைகளுக்கு மாற்று சாக்ஸ் இரண்டு ஜோடி. ஆற்றங்கரையில் காலை நனைக்காத பிள்ளை இல்லை.

பாதையோரம் ரம்பப் பல் விளிம்போடு அடர்ந்து நிற்கும் செடி நெட்டில். நம் ஊர்ச் செந்தட்டியைப் போலவே தொட்டால் எரியும். வந்தவுடன் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுத்துவிடுங்கள். உயரமான புல்லிலும் பெரணியிலும் உண்ணி இருக்கும். வீட்டுக்குப் போய்க் குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமுடி ஓரம் பாருங்கள். கடித்த இடத்தைச் சுற்றிப் பின்னால் சிவந்த வட்டம் படர்ந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். லைம் நோய் அப்படித்தான் தொடங்கும்.

சாப்பாட்டுக்குப் புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் இந்த நடைக்குப் பொருந்தும். ஆறினாலும் சுவை குறையாது, குழம்பு சிந்தாது. ஃபிளாஸ்கில் தேநீர் எவ்வளவு கொண்டுபோனாலும் போதாது. தரையில் நெருப்பு மூட்டுவதும் பார்பிக்யூ வைப்பதும் கூடாது. வறண்ட கோடையில் பீக் டிஸ்ட்ரிக்டில் மேட்டு நிலங்கள் பற்றியெரிந்ததற்கு அப்படிப்பட்ட அடுப்புகளும் காரணம். குப்பைத்தொட்டியை எதிர்பார்க்காமல் ஒரு பெரிய பையைக் கொண்டுபோங்கள். எலும்பு, பழத்தோல், மிஞ்சிய சோறு எல்லாம் அதற்குள் வரட்டும். மீனுக்கும் வாத்துக்கும் நல்லதுதானே என்று சோற்றை ஆற்றில் கொட்டுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். தெளிந்த நீர்தான் இந்த ஆற்றின் செல்வம்.

நாயோடு வருகிறவர்கள் வாரைக் கழற்றக் கூடாது. மார்ச் முதல் மே வரை ஆட்டுக்குட்டிகள் பிறந்திருக்கும் காலம். துரத்தலில் மிரண்ட தாய் ஆடு குட்டியை விட்டு ஓடிவிடும். வேலிக் கதவுகளை எப்படிப் பார்த்தீர்களோ அப்படியே விட்டுவிட்டுப் போங்கள்.

இன்னும் நடக்கத் தெம்பு இருந்தால்

குன்றிலிருந்து இறங்கியும் கால் வலிக்காதவர்கள், அல்லது குன்று வேண்டாம் ஆறு போதும் என்று சொல்கிறவர்கள், கீழ்க்கரைப் பாதையில் வடக்கே தொடரலாம். சிறிது தூரத்தில் கல் படிக்கட்டுகள் வரும். இரண்டாம் உலகப் போரில் பிடிபட்ட இத்தாலியக் கைதிகள் கட்டியவை அவை. ஏறினால் லவர்ஸ் லீப் என்ற பாறை முனை. காதலன் போரில் இறந்தான் என்று கேள்விப்பட்டுக் குதித்த பெண்ணைப் பாவாடை கிளையில் சிக்கிக் காப்பாற்றியதாகவும், அவன் உயிரோடு திரும்பிவந்ததாகவும் ஊர்க்கதை. முனைக்குப் பக்கத்தில் பிள்ளைகளின் கை உங்கள் கையில் இருக்கட்டும். எதிர்க்கரையில் மரங்களுக்கு மேலே தனித்தனியாக எழும் பாறைகளை இங்கிருந்து நன்றாகப் பார்க்கலாம். முன்பைவிட இப்போது மரங்கள் குறைவு. பள்ளத்தாக்குக் காட்டில் பெரும்பகுதி ஆஷ் மரம். அதைப் பிடித்திருக்கும் பூஞ்சை நோய் மரத்தைக் காயவைத்து எந்நேரமும் முறிந்துவிழக்கூடியதாக்கிவிடுகிறது. பாதையோர மரங்களை நேஷனல் டிரஸ்ட் வெட்ட வேண்டியதாயிற்று, அந்த இடங்களில் வேறு இன மரங்களை நட்டுவருகிறது. வெட்டிய கட்டைகளைப் பார்த்து யாரும் காட்டை அழிக்கிறார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடாதீர்கள். பட்டைகட்டி மூடியிருக்கும் பாதை இருந்தால் அந்தப் பக்கம் போகவும் வேண்டாம்.

மேலும் நடந்தால் ரேனார்ட் குகையின் முன் இயற்கையாகவே அமைந்த கல் வளைவு, ஆற்றிலிருந்து நேராக எழும் ஐலம் பாறை, டவ் ஹோல்ஸ் குகைகள், கடைசியில் மில்டேல் சிற்றூர். தாண்டுகற்களிலிருந்து மில்டேல் சுமார் 4 கிலோமீட்டர். போக வர எட்டு என்பதை மறக்காதீர்கள். பத்து வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு குன்றும் இதுவும் ஒரே நாளில் வேண்டாம். மில்டேலில் கழிப்பறை உண்டு. பொதிக்குதிரைகள் கடப்பதற்காகக் கட்டிய ஒடுங்கிய கல்பாலமும் அங்கே இருக்கிறது, அதன் கைப்பிடிச் சுவர் மிகத் தாழ்வானது.

குன்றே வேண்டாம், ஆனால் பிள்ளைகளுக்கு ஏதாவது அதிசயம் வேண்டும் என்றால் ஐலம் பூங்கா. அங்கே ஓடும் மேனிஃபோல்ட் ஆறு வறண்ட காலத்தில் சில கிலோமீட்டருக்கு மேலேயே சுண்ணாம்புக்கல் வெடிப்புகளுக்குள் இறங்கி, நிலத்தடியில் ஓடி, ஐலம் பூங்காவில் மறுபடி கொப்பளித்து வெளிவருகிறது. ஐலம் மாளிகையையும் நிலத்தையும் 1934-ல் விலைக்கு வாங்கி நேஷனல் டிரஸ்டுக்குக் கொடுத்தவர் சர் ராபர்ட் மக்டூகல். கடையில் பார்க்கும் மக்டூகல்ஸ் மாவு அந்தக் குடும்பம் தொடங்கியது. மாளிகையை இளைஞர் விடுதியாக நடத்த வேண்டும் என்ற ஏற்பாட்டோடு கொடுத்தார். டவ்டேல் பொதுமக்கள் நடக்கும் இடமாக நிலைத்ததற்கு அவருடைய பங்கு பெரிது. பூங்காவில் தேநீர்க்கடையும் கழிப்பறையும் உண்டு.

எப்போது போவது? ஏப்ரல் கடைசியிலிருந்து மே முடியும்வரை என்பது என் முதல் தேர்வு. ஆஷ் மரம் தாமதமாகத் துளிர்ப்பதால் அப்போது பாறைகள் இலைக்குள் மறைந்திருக்காது, சரிவுகளில் ஊதா நிற ஆர்க்கிட் பூக்கள் இருக்கும், தண்ணீரும் தணிந்திருக்கும். பள்ளிக்கூடம் விடுமுறை இல்லாத வாரநாள் கிடைத்தால் இன்னும் நல்லது. அக்டோபரும் அழகு. டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். அந்த மாதத்தில் போகிறவர்கள் காலை பத்துக்கு நடக்கத் தொடங்கி, இரண்டு மணிக்கெல்லாம் காருக்குத் திரும்பிவிடும்படி நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள், பையில் ஒரு டார்ச்சும் வையுங்கள்.